கீழ் அறையா, கண்ணாடி அறையா, அலமாரியா? மலை வீட்டில் பார் அமைக்கும் முன்

கோத்தகிரியில் புதிதாக வீடு வாங்கிக் குடிபோன நண்பர் ஒருவர் போன மாதம் போன் செய்தார். “அண்ணா, கீழ் ரூம் சும்மாதான் கிடக்கு. ஒரு நல்ல பார் கவுன்டர் போட்டுடலாமா? கார்பென்டர் ஞாயித்துக்கிழமை அளவெடுக்க வர்றார்.”

“அவரை ஒரு வாரம் தள்ளி வரச் சொல்லுங்க. அதுக்குள்ள பழைய மெத்தை உறை பிளாஸ்டிக் ஏதாவது இருந்தா எடுத்து வையுங்க, அகலமான டேப் ஒண்ணும் வாங்குங்க” என்றேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

இதே கேள்வியோடு ஊட்டியிலிருந்தும் குன்னூர் பக்கத்து வெலிங்டனிலிருந்தும் ஆட்கள் வந்திருக்கிறார்கள். காரணம் சுலபம். சமவெளியில் கீழ்த்தளம் இருக்கும் வீடு அபூர்வம். இங்கே சரிவில் கட்டிய வீட்டுக்கெல்லாம் ஒரு கீழ் அறை தானாகவே அமைந்துவிடுகிறது. முன்பக்கம் பள்ளத்தாக்கைப் பார்த்துத் திறந்திருக்கும், பின்சுவர் மண்ணுக்குள் புதைந்திருக்கும். மலைப்பகுதிக் கட்டட விதிப்படி 7 மீட்டருக்கு மேல் உயர்த்தவும் முடியாது. மாடி எடுக்க வழியில்லாதவர் கண் கீழேதான் போகும்.

2017-ல் குன்னூரில் என் வீட்டுக் கீழ் அறையில் நானும் ஒரு பார் போட்டேன். இன்று அந்த அறையில் விறகும் என் மகனின் பழைய சைக்கிளும் இருக்கின்றன. அந்தக் கதையைச் சொல்லத்தான் போகிறேன். அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு.

## முதலில் எத்தனை பாட்டில்?

பார் என்றதும் எல்லோர் மனதிலும் வருவது சுவர் முழுக்க பாட்டில் அடுக்கி, பின்னால் விளக்கு எரியும் படம். தமிழ்நாட்டு விதிப்படி பெர்மிட் இல்லாமல் ஒருவர் சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கக்கூடியது இவ்வளவுதான்: உள்நாட்டில் தயாராகும் விஸ்கி, பிராந்தி, ரம் வகை 4.5 லிட்டர், பீர் 7.8 லிட்டர், ஒயின் 9 லிட்டர். முழு பாட்டில் கணக்கில் முறையே 6, 12, 12. மொத்தம் 30 பாட்டில். மூன்றடி அகலப் பலகையில் முன்னும் பின்னுமாக இருபது நிற்கும். ஆக, உங்கள் சட்டப்படியான ‘பார்’ இரண்டு பலகையில் முடிந்துவிடுகிறது.

வெளிநாட்டுச் சரக்குக்குத் தனி அளவு உண்டு, அதற்கு மேல் வேண்டுமென்றால் பெர்மிட்டும் உண்டு. விதி மாறியிருக்கிறதா என்று மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறை அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. கூடலூர் வழியாக கர்நாடகாவிலிருந்தோ கேரளாவிலிருந்தோ ‘ரெண்டே ரெண்டு பாட்டில்’ கொண்டு வரும் பழக்கம் இருப்பவர்கள் அதையும் அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். செக்போஸ்ட்டில் தெரிந்துகொள்வதைவிட அது மலிவு.

அப்படியானால் பார் என்பது பாட்டில் வைக்கும் இடம் இல்லை. நாலு பேர் உட்காரும் இடம். இதை ஒப்புக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

## எதை வைத்து முடிவெடுப்பது?

நான் இப்போது ஆறு விஷயம் பார்க்கிறேன். சுவரில் ஈரம் வருகிறதா, வந்தால் எங்கிருந்து? கை கழுவும் தொட்டித் தண்ணீர் எந்த வழியாகப் போகும்? பொருள் ரோட்டிலிருந்து வீடு வரை எப்படி வரும்? குளிருக்கு என்ன ஏற்பாடு? இரவு பதினொரு மணிக்கு விருந்தாளி எந்தப் படியில் ஏறிப் போவார்? கடைசியாக, வீட்டில் இருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்? அழகு இந்தப் பட்டியலில் இல்லை. அதைக் கார்பென்டர் பார்த்துக்கொள்வார்.

## கீழ் அறை

என் அறை பத்துக்குப் பன்னிரண்டு. டிசம்பரில் வேலை ஆரம்பித்து ஜனவரியில் முடித்தேன். சுண்ணாம்புச் சுவர் பார்க்க நன்றாக இல்லையென்று மூன்று பக்கமும் பிளைவுட் அடித்து வார்னிஷ் பூசினோம். தேயிலை வேரில் செய்த டீப்பாய் இரண்டு. மஞ்சள் விளக்கு. பொங்கலுக்கு மறுநாள் நண்பர்கள் வந்து, “டேய், கிளப் மாதிரியே இருக்குடா” என்றார்கள். வெளியே உறைபனி, உள்ளே கதகதப்பு. மார்ச் வரை நான் ராஜா.

ஜூலையில் பாட்டில் லேபிள்கள் ஓரம் சுருள ஆரம்பித்தன. அறையைத் திறந்தால் நனைந்த சாக்கு வாசனை. காற்றோட்டம் போதவில்லை போலிருக்கிறது என்று மழையிலும் மூடுபனியிலும் ஜன்னலைத் திறந்து வைத்தேன். அதுதான் பெரிய தப்பு என்று பிறகு தெரிந்தது. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் உண்மையான மழை அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்றோடுதான் வரும். நவம்பர் கடைசியில் பின்சுவர்ப் பலகை ஒன்று உப்பி முன்னே வந்தது. கார்பென்டர் கடப்பாரையால் நெம்பி எடுத்தார். பலகையின் பின்பக்கம் முழுக்கக் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சை, நடுவில் வெள்ளையாக உப்புப் பூத்த கோடு. அவர் விரலை வைத்து அழுத்தினார். பிளைவுட் ரொட்டி மாதிரி உள்ளே போனது. போட்ட பணம் சுமார் ஒன்றரை லட்சம் அதோடு போனது.

நடந்தது இரண்டு தனித்தனி விஷயங்கள். மலைக்காரர்கள்கூட இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஒன்று, ஊறல். மேலே சரிவில் பெய்த மழை மண்ணுக்குள் இறங்கி, பின்சுவரில் வந்து முட்டி நிற்கிறது. கல்லும் சிமென்டும் அதை மெல்ல உள்ளே விடும். இரண்டாவது, வேர்வை. மண்ணுக்குள் இருக்கும் சுவர் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே குளிரில் இருக்கும். என் அறையில் தெர்மாமீட்டர் 17 டிகிரி காட்டியது. மழைக்கால வெளிக்காற்று 20 டிகிரியில், ஈரம் நிறைந்து வருகிறது. அது குளிர்ந்த சுவரில் பட்டதும், ஐஸ் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் சொம்பு வேர்ப்பது போலச் சுவர் வேர்க்கிறது. நான் ஜன்னலைத் திறந்ததால் சுவருக்குப் புதுப்புது ஈரக்காற்றை ஊட்டிக்கொண்டிருந்தேன்.

எது என்று கண்டுபிடிக்கத்தான் அந்தப் பிளாஸ்டிக் தாள். இரண்டடிச் சதுரம் வெட்டி, பின்சுவரில் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் தண்ணீர் முத்து முத்தாக நின்றால் ஊறல். தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் வேர்வை. இரண்டு பக்கமும் நனைந்திருந்தால், நீங்கள் என் ஆள். இதை மழைக்காலத்தில் செய்ய வேண்டும். பிப்ரவரியில் செய்தால் எல்லா சுவரும் பாஸ்.

வேர்வைக்கு மருந்து இருக்கிறது. ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்று வாங்கி, மழை நாளில் ஜன்னலை மூடி ஓட்ட வேண்டும். 300 வாட் மெஷின் தினம் 8 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 144 யூனிட். வீட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டை இது ஒன்றே தின்றுவிடும். மற்றதெல்லாம் மேல் ஸ்லாபில் ஏறும். மெஷினின் தொட்டியைத் தினமும் காலி செய்யவும் ஆள் வேண்டும்.

ஊறலுக்கு உள்ளே எந்தப் பூச்சு பூசினாலும் அது ஒத்திப்போடும் வேலைதான். மருந்து சுவருக்குப் பின்னால் இருக்கிறது: மண்ணைத் தோண்டி, சுவரின் வெளிப்பக்கம் நீர்த்தடுப்புப் பூசி, அடியில் துளையிட்ட குழாய் போட்டு, மேலே ஜல்லி நிரப்பி, தண்ணீரைப் பக்கவாட்டில் ஓட்டிவிட வேண்டும். நீலகிரியில் மண் வெட்டவும் ஜேசிபி கொண்டு வரவும் அனுமதி வேண்டும். அந்த விதியைத் திட்டுவதற்கு முன் 2009 நவம்பரை நினைத்துப் பாருங்கள். கேத்தி பக்கம் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டி, மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் மண்சரிவில் உயிரிழந்த மாதம் அது. தடுப்புச்சுவரில் நீர் கசியும் துவாரங்களை, ‘அசிங்கமா இருக்கு’ என்று சிமென்ட் வைத்து அடைக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பாருக்காக வீட்டுக்கு அடியில் புதிதாகக் குடைவது பற்றி யாராவது யோசித்தால், தயவுசெய்து வேண்டாம். இருக்கும் அறையைப் பற்றி மட்டும் பேசுவோம்.

அறை அளவும் ஏமாற்றும். கவுன்டர் வைத்த பார் என்றால் பின்னால் அலமாரி ஒன்றரை அடி, நடுவில் ஆள் நிற்க மூன்றடி, கவுன்டர் இரண்டடி, முன்னால் ஸ்டூலுக்கு இரண்டரை அடி. ஒன்பதடி போய்விட்டது. என் பத்தடி அறையில் ஸ்டூலுக்குப் பின்னால் ஒரு ஆள் ஒருக்களித்துத்தான் போக முடிந்தது. கவுன்டர் உயரம் மூன்றரை அடி, ஸ்டூல் இரண்டரை அடி, இது எங்கும் பொருந்தும். ஆனால் பத்தடி அறையில் கவுன்டரே போடாமல் சுவரோரம் ஒரு பலகையும் நாலு நாற்காலியும் போதும்.

தொட்டித் தண்ணீர் விஷயத்தில் மலைக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. முன்பக்கம் சரிவு இருப்பதால் பம்ப் இல்லாமலே தண்ணீர் கீழே போகும். செப்டிக் டேங்க் வீட்டுக்கு மேல்பக்கம் ரோட்டோரம் இருந்தால் அந்த அதிர்ஷ்டம் கிடையாது. குழாய் போடுவதற்கு முன் டேங்க் எங்கே என்று பாருங்கள். பழைய வீடு வாங்கியவர்கள் பலருக்கு அது தெரியாது.

அப்புறம் குளிர். இதில் எனக்கு விளையாட்டே கிடையாது. கீழ் அறையில் கரி அடுப்பு, குமுட்டி, பார்பெக்யூ எதையும் உள்ளே கொண்டுவரக் கூடாது. கொடைக்கானலில் அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தியைப் படித்திருப்பீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. குடித்திருப்பவருக்குத் தலை சுற்றினால் அது எதனால் என்றும் தெரியாது. மின்சார ஹீட்டர் மட்டும், அதற்கும் தனி வயர் இழுத்து.

சொல்லாமல் விடக்கூடாத இன்னும் இரண்டு. ஒன்று, வாடகை. கீழ் அறையோடு ஒரு குளியலறை இருந்தால் அதை டீச்சரோ பேங்க் ஊழியரோ வாடகைக்குக் கேட்பார்கள். மாதம் இரண்டு முறை உட்காரும் பாருக்காக அந்தப் பணத்தை விடுகிறீர்கள். இரண்டு, கீழ் அறைக்குப் பெரும்பாலும் வெளிப்படி வழியாகத்தான் போக வேண்டும். மழைக்காலத்தில் படியெல்லாம் பாசி. ரெண்டு ரவுண்டு போட்டவர் மூடுபனியில் அதில் ஏற வேண்டும். குன்னூரில் திருப்பத்தில் காட்டெருமை நிற்கலாம், கோத்தகிரியில் கரடி. கைப்பிடிக் கம்பியும் படிக்கு ஒரு விளக்கும் பார் செலவிலேயே சேர வேண்டியவை. என் அம்மாவின் ஆட்சேபம் வேறு: “சாமி ரூமுக்கு நேர் கீழயாடா?” அதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகும், கீழ் அறைதான் சரி என்று நான் சொல்லும் வீடுகள் உண்டு. தாள் இரண்டு பக்கமும் உலர்ந்திருக்க வேண்டும். படி வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். மேலே சின்னக் குழந்தைகளோ வயதானவர்களோ தூங்குவதால் சத்தம் பிரச்சினையாக இருக்க வேண்டும். ஒயின் சேர்ப்பவருக்கும் இதுதான் இடம். 12 முதல் 15 டிகிரியில், இருட்டில், அசையாமல் படுத்திருப்பது ஒயினுக்குப் பிடிக்கும். ஊட்டியில் நல்ல கீழ் அறை அதைக் கரன்ட் இல்லாமலே தரும். ஸ்னூக்கர் டேபிள் ஆசை இருப்பவருக்கும் மண்மேல் உள்ள தரைதான் வேண்டும், அந்தக் கல் பலகையின் எடை அப்படி. ஆனால் முழு அளவு டேபிளுக்கு 22 அடிக்கு 16 அடி அறை வேண்டும். விளையாட்டின் விதிகள் உருப்பெற்ற ஊட்டி கிளப்பில் அதற்கு இடம் இருந்தது; நமக்கு இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

பலகை அடிப்பதாக இருந்தால் சுவரைத் தொடாமல் இரண்டு அங்குலம் தள்ளி, மேலும் கீழும் காற்றுப் போக இடம் விட்டு, தண்ணீர் தாங்கும் 710 கிரேடு பிளைவுட்டில் அடியுங்கள். மரத்தூளை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பக்கம் போகவே வேண்டாம். இன்னும் நல்லது, சுவரைச் சுண்ணாம்போடு வெறுமனே விட்டுவிடுவது.

## கண்ணாடி அறை

வீட்டின் முன் வராந்தாவைக் கண்ணாடி போட்டு மூடிய அறை. குன்னூரில் பழைய பங்களாக்கள் பலவற்றில் இது உண்டு. வெயில் படுவதால் ஈரம் நிற்காது. வீட்டுக்குள்ளிருந்தே போகலாம். சாயங்காலம் பள்ளத்தாக்கில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிவதைப் பார்த்துக்கொண்டு உட்காருவதற்கு ஈடாகக் கீழ் அறையில் எதுவும் கிடையாது. நாலு பேர் உட்கார என்றால் என் முதல் வோட்டு இதற்குத்தான்.

பாட்டிலுக்கு இது ஆகாது. பீரில் வெயில் பட்டால் அதற்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் கெட்டு நாற்றம் அடிக்கும். பச்சை பாட்டிலில் வந்தது இன்னும் சீக்கிரம் கெடும். ஏப்ரல் மதியம் கண்ணாடிக்குள் வேர்க்கும், ஜனவரி இரவில் ஊட்டியில் விறைக்கும். இந்த ஏற்ற இறக்கத்தில் ஒயின் தாங்காது. ஃபிரிட்ஜும் இங்கே தகராறு செய்யும். சுற்றிலும் 10 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர் ‘ஏற்கெனவே குளிராகத்தானே இருக்கிறது’ என்று ஓடாமல் நிற்கும், ஃப்ரீஸரில் ஐஸ் உருகிக் கிடக்கும். மெக்கானிக்கைக் கூப்பிட்டால் அவர் வரும் மதிய வெயிலில் அது ஒழுங்காக ஓடும்.

மறைமுகச் செலவு கூரையில். பாலிகார்பனேட் ஷீட் என்றால் மழைச் சத்தத்தில் பேச்சே கேட்காது, நாலைந்து வருடத்தில் மஞ்சளாகிவிடும். குரங்கு குதித்தால் இணைப்பு விலகும். திரை போட்டே ஆக வேண்டும், குளிருக்கும் சரி, எதிர் வீட்டுக்கும் சரி. வராந்தா இல்லாதவர் புதிதாகக் கட்டினால் அதற்கும் பிளான் அனுமதி வேண்டும். ஏற்கெனவே இருப்பவருக்கு மட்டுமே இது மலிவு.

## ஹால் அலமாரி

மூன்றடி அகலம், ஆறடி உயரம், பூட்டு, கீழே ஒரு இழுப்பறை, நடுவில் மடக்கி இறக்கும் பலகை. முப்பது பாட்டிலும் பன்னிரண்டு கிளாஸும் அடங்கும். ஒரு வாரத்தில் முடியும் வேலை. வீடு மாறினால் கூடவே வரும். வாடகை வீட்டில் இருப்பவர் மேலே எழுதியதையெல்லாம் படிக்காமல் நேராக இங்கே வந்திருக்கலாம்.

குறை ஒன்றுதான்: அது ஹாலில் இருக்கிறது. பெண் பார்க்க வருகிறவர்களும் பாதிரியாரும் பிள்ளைகளின் நண்பர்களும் உட்காரும் அதே ஹால். கதவு கண்ணாடியாக இல்லாமல் மரமாக இருந்தால் பாதி தீரும். சாவி உங்களிடம் இருக்கட்டும்; 21 வயது ஆகாதவர் வீட்டில் இருந்தால் இது விருப்பம் அல்ல, கட்டாயம்.

## ஒரே பார்வையில்

| | கீழ் அறை | கண்ணாடி அறை | ஹால் அலமாரி |
|---|---|---|---|
| ஈரம் | பெரிய ஆபத்து, சோதிக்காமல் தொடக்கூடாது | குறைவு, கூரை ஒழுகாதவரை | வீட்டு ஈரம்தான் |
| பாட்டிலுக்கு | உலர்ந்திருந்தால் மிக நல்லது | மோசம் | நல்லது |
| ஆள் உட்கார | சத்தம் வெளியே போகாது, இடம் பொறுத்தது | மிக நல்லது | ஹாலைப் பொறுத்தது |
| தெரியாத செலவு | வடிகால், மெஷின், கரன்ட், வாடகை இழப்பு, படி | கூரை, திரை, ஹீட்டர் | ஏறக்குறைய இல்லை |
| முடிய எத்தனை நாள் | ஒரு மழைக்காலம் பார்த்த பிறகு ஒரு மாதம் | இருந்தால் ஒரு வாரம் | ஒரு வாரம் |
| பிடிக்கவில்லை என்றால் | போட்ட காசு போனதுதான் | சாப்பாட்டு அறையாகும் | விற்கலாம் |

பொருள் கொண்டு வரும் கூலியைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் அதைக் கணக்கில் எழுதுவதில்லை. பிளைவுட், டைல்ஸ், கிரானைட் எல்லாம் பெரும்பாலும் மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறி வருகிறது. ரோட்டிலிருந்து வீட்டுக்கு எண்பது படி என்றால் அதற்கு மேல் தலைச்சுமைக் கூலி. என் கிரானைட் கவுன்டரை ஆறு பேர் தூக்கி இறக்கினார்கள்; கூலி கல்லின் விலையைத் தொட்டது. எனவே கீழ் அறைக்கு மரப் பலகையே வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த இடமாக இருந்தாலும் காலி பாட்டிலுக்கு ஒரு கூடை வேண்டும். 2022 முதல் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் தந்துவிடுகிறார்கள். காட்டில் வீசிய கண்ணாடி யானையின் காலைக் கிழிப்பதால் உயர் நீதிமன்றம் தலையிட்டு வந்த ஏற்பாடு. கூடையை ஈரமான கீழ் அறையில் வைத்தால் இதற்காகப் பாட்டிலில் ஒட்டிய ஸ்டிக்கர் உரிந்து, பத்து ரூபாய்க்குக் கடையில் வாக்குவாதம் செய்ய வேண்டியிருக்கும். ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தங்க வந்தவரிடம் காசு வாங்கி ஊற்றினால் அது வீட்டு பார் இல்லை, உரிமம் இல்லாத விற்பனை.

நானாக இருந்தால் இப்படிச் செய்வேன், இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறேன்: பாட்டில் ஹால் அலமாரியில், உட்காருவது கண்ணாடி வராந்தாவில், நடுவில் சக்கரம் வைத்த ஒரு டிராலி. எட்டாயிரத்துச் சொச்சம் ஆனது, டிராலியையும் சேர்த்து.

கோத்தகிரி நண்பர் நேற்று ஒரு போட்டோ அனுப்பினார். தாளின் உள்பக்கம் வரிவரியாகத் தண்ணீர் இறங்கி, அடி டேப்பில் சின்னக் குளமாகத் தேங்கியிருந்தது. அடியில் ஒரு வரி: “அலமாரி மூணடியா மூணரை அடியா அண்ணா?” மூன்றரை என்று பதில் போட்டேன், கிளாஸ் தலைகீழாகத் தொங்க அரையடி வேண்டும்.